திரையில் உள்ளுறை: ‘பதேர் பாஞ்சாலி’யின் இறுதிக் காட்சி

விழா மலருக்கு இலக்கியப் பாடக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, சங்கச் செய்யுள் ஒன்றையோ கம்பன் படலம் ஒன்றையோ எடுத்து விளக்குவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். யாம் எடுத்துக்கொண்டதோ ஒரு திரைப்படத்தின் முடிவு. ‘தமிழாசிரியருக்குத் திரைப்படத்தில் என்ன வேலை?’ என்று பழைய மாணவர் சிலர் புன்னகை புரியலாம். அவ்வினாவுக்குரிய விடை கட்டுரையின் போக்கில் தானே தோன்றும் என நம்புகின்றோம். உயர்தர வகுப்பு மாணவருக்கு உள்ளுறை உவமமும் இறைச்சியும் கற்பிக்கப் புகுந்த வேளையில், செய்யுள் வழியாக விளங்காத ஒன்று இக்காட்சி வழியாக விளங்கிற்று. அவ்வளவேயன்றி, கற்பித்த எமக்கே ஒரு பிழை திருத்தப்பட்டது. அதனையும் மறையாது ஈண்டு எழுதுகின்றோம்.

1. படமும் கதையும்

‘பதேர் பாஞ்சாலி’ என்னும் வங்காளிப் படம் 1955ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘பாதையின் பாட்டு’ என்பது அப்பெயரின் பொருள். விபூதிபூஷண் பந்தோபாத்தியாய் எழுதிய நாவலைத் தழுவி இதனை இயக்கியவர் சத்தியஜித் ராய். அவருக்கு இதுவே முதற் படம். கமராவை இயக்கிய சுப்ரதா மித்ராவுக்கும் இதுவே முதற் படம். இசை ரவி சங்கர் அமைத்தது. 1952இல் தொடங்கி, பெரும்பாலும் கல்கத்தாவுக்கு அணித்தான போரால் என்னும் சிற்றூரிலே நிகழ்ந்த படப்பிடிப்பு, பணமுடையால் இடையிடையே நின்று, ஈற்றில் மேற்கு வங்க அரசின் உதவியுடன் நிறைவேறிற்று. 1956இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்னும் பரிசு இதற்கு அளிக்கப்பட்டது. 1993இல் இலண்டனில் நேர்ந்த தீ விபத்தில் இதன் மூலச்சுருள்கள் கருகிச் சிதைந்தன. வல்லுநர் அவற்றைப் பன்னாள் உழைத்துச் சீர்செய்து 2015இல் மீண்டும் திரைக்குக் கொணர்ந்தனர். இன்று எம் மாணவர் காண்பது அவ்வாறு உயிர்பெற்ற பிரதியே.

கதை எளியது. நிச்சிந்திபுரம் என்னும் ஊரிலே வறிய அந்தணர் அரிகரர் வாழ்கின்றார். மனைவி சர்வஜயா, மகள் துர்க்கா, மகன் அப்பு. அரிகரர் பொருள் தேடி வெளியூர் சென்றிருக்கின்றார். அக்காலத்தில் மழையில் நனைந்த துர்க்கா காய்ச்சலுற்று, புயலடித்த ஓர் இரவின் பின் இறந்துபோகின்றாள். மகளுக்குச் சேலை வாங்கிக்கொண்டு திரும்பும் தந்தைக்கு அச்செய்தியே காத்திருக்கின்றது. அதன்பின் குடும்பம் முன்னோர் வீட்டை விட்டுக் காசிக்குப் புறப்படுகின்றது. இப்புறப்பாடே எமது ஆய்வுக்குரிய இறுதிக் காட்சி.

இக்காட்சியை உணர்தற்கு முற்செய்தி ஒன்று இன்றியமையாதது. அயல் வீட்டுச் சிறுமியின் மணிமாலை ஒன்று முன்னர்க் காணாமற் போயிற்று. துர்க்காவே திருடினாள் என்று அவ்வீட்டு அம்மையார் வந்து பழி கூறினார். துர்க்கா மறுத்தாள். தாயோ அவமானம் தாங்காது மகளைத் தலைமயிரிற் பிடித்து இழுத்துச் சென்று வெளியே தள்ளிக் கதவை அடைத்தாள். மாலை எங்கே போயிற்று என்பது அப்போது நமக்குத் தெரிவிக்கப்படவில்லை.

2. கண்டது யாது?

செய்யுளை விளக்கப் புகுவோன் முதலில் சொற்பொருள் காணல் வேண்டும்; அதன் பின்னரே நயம் கூறல் வேண்டும். திரைக்கும் அவ்விதியே பொருந்தும். ஆதலின் முதற்கண், ‘இது எதனைக் குறிக்கின்றது?’ என்று வினாவாது, ‘கண்ணாற் கண்டது யாது?’ என்று வினாவினோம். மாணவர் கூறியவற்றை நிரலாகத் தருகின்றோம்.

வீட்டில் மூட்டை கட்டும் வேலை நடக்கின்றது. சிறுவன் அப்பு மேலே தட்டிலிருக்கும் பொருள்களை எட்டி எடுக்கின்றான். அங்கே தூசு படிந்து கிடந்த சிரட்டை ஒன்று கைக்கு வருகின்றது. அதனுள்ளே மணிமாலை. ஒரு சிலந்தியும் அதிலிருந்து ஊர்ந்து ஓடுகின்றது. அப்பு மாலையை எடுத்துக்கொண்டு குளக்கரைக்கு ஓடுகின்றான். அதனை நீரில் வீசுகின்றான். குளத்தைப் பாசி மூடியிருக்கின்றது. மாலை விழுந்த இடத்திற் பாசி விலகிக் கரிய நீர் வட்டமாகத் தெரிகின்றது. பின்னர்ப் பாசி மெல்ல மெல்லக் கூடி அவ்வட்டத்தை மூடுகின்றது. அப்பு ஒருவரிடமும் ஒன்றும் கூறவில்லை.

ஆளற்ற வீட்டினுள்ளே பாம்பு ஒன்று ஊர்ந்து செல்கின்றது. கூடார மாட்டுவண்டியிலே தந்தை, தாய், மகன் ஆகிய மூவரும் அமர்ந்து செல்கின்றனர். தாய் விம்முகின்றாள். சிறுவன் விழித்த கண்ணனாய் இருக்கின்றான். படம் முடிகின்றது.

இவ்வளவுதான். பேச்சு ஏறக்குறைய இல்லை. சிலந்தி, பாசி, பாம்பு, வண்டி என்பனவே பேசுகின்றன.

3. அமைப்பு

கண்டவற்றை வரிசைப்படுத்திய பின், அவை எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதை ஆராய்ந்தோம்.

முதலாவது, அளவு. சிரட்டையினுள் மாலை, தட்டின் மூலையிற் சிரட்டை, வீட்டினுள் தட்டு. ஒன்றனுள் ஒன்றாக ஒடுங்கிய சிற்றிடத்திலிருந்து ஒரு மறைபொருள் வெளிப்படுகின்றது. வெளிப்பட்ட கணமே திறந்த வெளிக்குக் கொண்டு செல்லப்பட்டு, நீரின் அடியில், முன்னினும் ஆழ்ந்த மறைவிடத்தை அடைகின்றது. மறைவில் தொடங்கி மறைவில் முடியும் இவ்வியக்கத்தின் இடையே ஒரு சிறு பொழுதுதான் அது வெளிச்சத்தில் இருந்தது. அதனைக் கண்டவர் இருவரே: ஒருவன் அப்பு, மற்றவர் படம் பார்க்கும் நாம். தாய்க்கும் தெரியாத, தந்தைக்கும் தெரியாத ஒன்றை அறிந்தோராகிய நாம், விரும்பியோ விரும்பாமலோ அச்சிறுவனின் இரகசியத்திற்குக் காவலர் ஆகின்றோம்.

இரண்டாவது, வட்டம். படத்தில் அப்பு சிறுவனாக முதன்முதல் தோன்றும் இடத்தை நினைவுகூர்க. போர்வையிலுள்ள கிழிசல் வழியாகத் துர்க்கா அவனது மூடிய கண்ணைத் திறக்கின்றாள்; துணியின் துளை நடுவே ஒரு விழி அகல விரிகின்றது. அங்கே அக்கையின் கையால் ஒரு வட்டம் திறந்தது. இங்கே தம்பியின் கையால் ஒரு வட்டம் நீரிலே திறந்து, தானே மூடுகின்றது. அங்கு கண் விழித்தவன் இங்கு ஒரு கண் மூடுவதைக் காண்கின்றான். இயக்குநர் இதனை எண்ணியே அமைத்தார் என்று யாம் சாதிக்க முன்வரோம். இரண்டும் படத்திலே உள்ளன, ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன, அதுவே ஆய்வாளனுக்குப் போதும்.

மூன்றாவது, நீர். இப்படத்தில் நீர் பன்முறை வருகின்றது. மிட்டாய் விற்பவன் பின்னே துர்க்காவும் அப்புவும் நாயும் வரிசையாகச் செல்லும்போது, குளத்து நீரில் அவர்கள் தலைகீழாகத் தெரிகின்றனர். ஆங்கு நீர் தெளிந்த கண்ணாடி. உலகம் அதில் விளையாடுகின்றது. மழைக்காலத்திலே துர்க்கா கூந்தலை விரித்து நனைந்து ஆடுகின்றாள். ஆங்கு நீர் மகிழ்ச்சி. அதுவே நோயும் ஆகின்றது. இறுதியிலோ நீர் பாசியால் மூடிக் கிடக்கின்றது. எதனையும் அது திருப்பிக் காட்டுவதில்லை. ஒரே பொருள் கதையின் போக்கில் மூன்று நிலை எய்தியமை காண்க.

நான்காவது, சட்டகம். வண்டியின் வளைந்த கூடாரம் மூவரையும் தன்னுள் அடக்கிக் காட்டுகின்றது. இதுவரை அக்குடும்பத்தை இடிந்த மதிலும் அகன்ற முற்றமும் சூழக் கண்டோம். இப்பொழுது அவர்களுக்குள்ள வீடு அவ்வளைவு மட்டுமே, அதுவும் நகர்கின்றது. நால்வராய் வாழ்ந்தோர், முதிய அத்தையையும் சேர்த்தால் ஐவராய் வாழ்ந்தோர், அச்சட்டகத்தில் மூவர். இல்லாதவரைக் காட்டாமலே அவரது இன்மையைக் காட்டுதல் இதுவாகும்.

4. உள்ளுறை

தொல்காப்பியர் அகப்பொருளுக்கு முதல், கரு, உரி என மூன்றை வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். விலங்கு, புள், மரம் முதலாயின கரு. மாந்தர் ஒழுக்கம் உரி. தெய்வம் ஒழிந்த ஏனைக் கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு, மாந்தர் கூறாத ஒன்றைக் குறிப்பால் உணர்த்துதல் உள்ளுறை உவமம் எனப்படும். வங்காளப் படம் தமிழிலக்கணம் கற்று எடுக்கப்பட்டதன்று. ஆயினும் கருப்பொருள் வழியாக உரிப்பொருளை உணர்த்தும் நெறி, கவிதை உள்ளம் வாய்ந்தோர் யாவர்க்கும் பொதுவானது என்பதை இக்காட்சி காட்டுகின்றது.

இங்கு மாணவர் ஒன்றை மறத்தலாகாது. உள்ளுறை தருவதற்கு முன் அக்கருப்பொருள் அவ்விடத்தில் இயல்பாக இருத்தல் வேண்டும். சிலந்தியை நோக்குக. அது முதலிற் குறியீடன்று, சான்று. துர்க்கா ஒளித்து வைத்த நாள் முதல் ஒருவரும் அச்சிரட்டையைத் தொடவில்லை என்பதை அது நமக்கு அறிவிக்கின்றது. துர்க்காவும் மீண்டும் எடுத்து அணிந்தாளில்லை போலும். ஆசைப்பட்டு எடுத்த பொருளை அனுபவியாமலே ஒரு சிறுமி போய்விட்டாள். இத்துயரம் சிலந்தியின் எட்டுக் காலில் ஊர்ந்து வருகின்றது. சான்றாக நின்றமையாலன்றோ அது குறிப்பாகவும் நிற்க வல்லதாயிற்று?

பாசியும் அத்தகையதே. பாசி மூடிய குளத்தில் எதனை எறிந்தாலும் விலகும், பின்னர் மூடும். இஃது எவரும் கண்ட இயற்கை. அதனையே சிறிது பொழுது நின்று நோக்குமாறு கமரா நம்மைப் பணிக்கின்றது. அந்நோக்கிலேதான், இறந்தவளின் குற்றம் மூடப்படுகின்றது எனவும், அவள் நினைவும் இவ்வாறே மூடப்படுமோ எனவும் இருவேறு பொருள் எழுகின்றன. ஒன்று ஆறுதல், மற்றொன்று அச்சம். இரண்டையும் ஒருங்கே தாங்குவதே சிறந்த குறிப்பின் இயல்பு. ஒரு பொருளை மட்டும் தந்து ஒழிவது விடுகதையேயாம்.

5. எமது பிழை

பாம்புக்கு வருவோம். இக்காட்சியை முதன்முறை கற்பித்தபோது, ‘பாம்பு தீமையின் குறி, குடும்பத்தைச் சூழ்ந்த கேட்டினை அது காட்டுகின்றது’ என்று கரும்பலகையில் எழுதினோம். மாணவர் குறித்துக்கொண்டனர். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் மட்டும் எழுதாதிருந்தான். காரணம் கேட்டோம். எழுந்து நின்று, “சேர், பாம்பு வந்தபடியால் அவர்கள் போகவில்லை. அவர்கள் போனபடியால்தான் பாம்பு வந்தது” என்றான்.

யாம் சிறிது பொழுது விடை கூறவில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து வீடுகளைப் பூட்டிப் புறப்பட்ட சிறுவருள் யாமும் ஒருவர். அடுத்த ஆண்டு திரும்பி வந்து படலையைத் தள்ளியபோது, முற்றம் முழுவதும் பற்றையாய்க் கிடந்தது; விறாந்தைச் சுவரோடு கறையான் புற்று எழுந்திருந்தது. அப்புற்றைக் கண்டபோது அதனை எவரும் தீமை என்று கூறினாரல்லர். அம்மா, “ஆள் இல்லாத வீடு” என்று மட்டும் கூறிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். நேரிற் கண்டு அறிந்த உண்மையைப் புறத்தே வைத்துவிட்டு, எங்கோ படித்த குறியீட்டு அகராதியைத் திறந்து அப்பாம்புக்குப் பொருள் கூறியிருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மாணவன் கூறியதே சரி. பாம்புக்கு அவ்வீட்டார் மீது பகையில்லை. மனிதர் வாழ்வது நின்றதும் அவ்விடத்தை நிலம் தன்வசமாக்குகின்றது. அதன் முதல் வரவே பாம்பு. அரிகரரின் முன்னோர் காடு திருத்திக் கட்டிய இடம் மீண்டும் காட்டிடம் செல்கின்றது. தீமை என்று கூறினால் ஒருவகையில் ஆறுதலுண்டு. பழி போட ஒன்று கிடைத்துவிடும். பழி போட எவரும் இல்லை என்பதே இக்காட்சியின் கடுமை. கரும்பலகையில் எழுதியதை அம்மாணவனையே அழைத்து அழிப்பித்தோம். ‘நீர் ஆன்மா, பாதை வாழ்க்கை, பாம்பு தீமை’ என்று ஒன்றுக்கு ஒன்றாய்ப் பொருள் எழுதிப் புள்ளி வாங்குதல் எளிது. அவ்வாறு எழுதுவோன் படத்தைப் பார்த்தவனல்லன்; தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தவன்.

6. அப்பு செய்தது சரியா?

வகுப்பில் பெரும் வாதம் எழுந்தது இவ்விடத்திலேதான். மாலை அயலாருடையது. உரியவரிடம் ஒப்படைப்பதன்றோ அறம் என்றனர் ஒரு சாரார். ஒப்படைத்திருந்தால், இறந்துபோன அக்கையைக் கள்ளி என்று ஊரறிய நாட்டியிருப்பான். தாயின் புண்ணைக் கிளறியிருப்பான் என்றனர் மற்றொரு சாரார். ஒருவன் திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைத் துணைக்கழைத்தான். மற்றொருவன் கள்ளாமை அதிகாரத்தை எடுத்துக்கொண்டான். மணியடித்த பின்னும் வாதம் ஓயவில்லை. எமது ஆசிரியத் தொழிலில் மகிழ்ந்த நாள்களுள் அஃது ஒன்று.

இவ்வாதத்திற்கு உதவும் செய்தி ஒன்றைப் படமே தருகின்றது. புறப்பாட்டுக்கு முன், பழி கூறிய அயல் வீட்டு அம்மையாரே சர்வஜயாவிடம் வருகின்றார். ஓரிடத்திலேயே நெடுநாள் இருப்பது மனத்தைச் சிறுமைப்படுத்தும், தனக்கும் அதுவே நேர்ந்தது என்னும் கருத்துப்படப் பேசுகின்றார். பகை ஆறிவிட்டது. மாலை கிடைக்காமலே மன்னிப்பு நிகழ்ந்துவிட்டது. இனி அதனைத் திருப்பிக் கொடுத்தல் பொருளைத் தருமேயன்றி அமைதியைத் தராது. ஆயினும் உடைமை உடைமையே என்னும் வாதம் இதனால் முற்றும் வீழ்ந்ததாகாது.

யாம் தீர்ப்புக் கூறவில்லை; படமும் கூறவில்லை. ஒன்று மட்டும் திண்ணம். அதுவரை அப்பு அக்கையின் பின்னே ஓடிய சிறுவன். அவள் காட்டிய இரயிலைக் கண்டான். அவள் தந்த மாங்காயைத் தின்றான். எவரையும் கேளாது, தானே எண்ணி, தானே செய்து, தானே சுமக்கப்போகும் முதற் செயல் இதுவே. குளக்கரைக்கு ஓடியவன் பிள்ளை. திரும்பி வந்தவன் பிள்ளையல்லன். வண்டியில் தாய் அழவும் அவன் விழித்திருப்பதன் காரணம் இதுவே என்பது எமது துணிபு.

7. முடிவு

நாவல் குடும்பத்தைக் காசி வரை தொடர்கின்றது. படமோ வண்டியிலேயே நின்றுவிடுகின்றது. காசி வாழ்வு 1956இல் வந்த ‘அபராஜிதோ’ என்னும் அடுத்த படத்துக்கு விடப்பட்டது. வீட்டை அடைந்தமையும் இல்லை, ஊரை அடைந்தமையும் இல்லை; வழியிலேயே முடிவு. ‘பாதையின் பாட்டு’ என்னும் பெயர் அப்போது முழுப்பொருள் பெறுகின்றது.

கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். தமிழாசிரியனுக்குத் திரைப்படத்தில் உள்ள வேலை, செய்யுளில் உள்ள அதே வேலைதான். அவசரப்படாது காணப் பழக்குதல். கண்டவற்றைத் தொடர்புபடுத்தப் பழக்குதல். அதன் பின்னரே பொருள் கூறப் பழக்குதல். இம்மூன்றும் கைவந்தவன் சங்கச் செய்யுளையும் உணர்வான். அயலவன் முகத்தையும் உணர்வான்.

இக்கல்லூரியை விட்டு நீங்கிப் பன்னாடுகளிலும் வாழும் பழைய மாணவருக்கு ஒரு சொல். நீங்களும் ஒரு நாள் மூட்டை கட்டிய வேளையில், எவருக்கும் கூறாத ஏதோ ஒன்றை ஏதோ ஒரு குளத்தில் இட்டுச் சென்றிருப்பீர்கள். அதனைத் தோண்டி எடுக்குமாறு யாம் கேட்கவில்லை. அடுத்த முறை ஊர் வரும்போது எம் வகுப்புக்கு வந்து, பின்வரிசையில் அமர்ந்து, இக்காட்சியை எம் மாணவரோடு ஒருமுறை காணுங்கள். கல்லூரி அன்னை வாழ்க.

மாணவர் சிந்தனைக்கு:

(1) மாலை குளத்தில் வீசப்படாது மண்ணில் புதைக்கப்பட்டிருந்தால் காட்சியின் பொருள் எவ்வாறு வேறுபடும்?

(2) பாம்பு வரும் காட்சி நீக்கப்பட்டால் நாம் இழப்பது யாது?

(3) நீவிர் கற்ற குறிஞ்சி அல்லது மருதச் செய்யுள் ஒன்றில் வரும் கருப்பொருளை எடுத்து, அது முதலில் இயல்பாகவும் பின்னர்க் குறிப்பாகவும் நிற்றலை விளக்குக.